ஆர்ட் தெரபி என்றால் என்ன? மன அழுத்தத்தில் தவிக்கும் விளையாட்டு வீரர்களுக்கு கலை எப்படி கைகொடுக்கிறது? - முழு விளக்கம்

2021 ஆகஸ்ட் 1. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு டைவிங் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. கேமரா பார்வையாளர் வரிசைப் பக்கம் திரும்பியபோது, பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலி கையில் ஊசியும் கம்பளி நூலுமாக உட்கார்ந்து, நிதானமாகப் பின்னிக்கொண்டிருந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், ஜூலை 26-இல், மேட்டி லீயுடன் சேர்ந்து 10 மீட்டர் இரட்டையர் பிரிவில் தங்கம் வென்றிருந்தார். நான்காவது ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது.

அந்த ஒரு காட்சி உலகம் முழுக்க வைரலானது. "ஒலிம்பிக் சாம்பியன் ஸ்வெட்டர் பின்னுறாரா?" என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால், அதே டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் உலகின் தலைசிறந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், மனநலத்தைக் காரணம் காட்டி இறுதிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். விளையாட்டு வீரர்களின் மனசு பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்த ஒலிம்பிக் என்றே அதைச் சொல்லலாம்.

கையால் எதையாவது செய்வது மனசுக்கு உண்மையிலேயே உதவுமா? ஆர்ட் தெரபி என்பது படம் வரைவது மட்டும்தானா? விளையாட்டு வீரர்களுக்கு அது ஏன் பொருந்துகிறது? எந்த இடத்தில் அது போதாது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• ஆர்ட் தெரபி என்பது பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்டின் துணையோடு நடக்கும் ஒரு மனநல சிகிச்சை முறை. ஓவிய வகுப்பு வேறு, இது வேறு.
• நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.
• எல்லாவற்றுக்கும் ஸ்கோர் போடப்படும் வாழ்க்கையில், ஸ்கோரே இல்லாத ஒரு இடம் கிடைப்பதுதான் விளையாட்டு வீரர்களுக்கு இதன் பெரிய பலன்.
• தீவிர மன அழுத்தத்துக்கு இது மட்டும் போதாது. மருத்துவர் உதவி அவசியம்.

விளையாட்டு வீரர்களுக்கு அப்படி என்ன பிரச்சினை?

"நல்ல உடம்பு, பணம், புகழ் எல்லாம் இருக்கு. இவங்களுக்கு என்ன கவலை?" என்பதுதான் பலரின் முதல் கேள்வி. புள்ளிவிவரம் வேறு மாதிரி சொல்கிறது.

2019-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, உயர்நிலை விளையாட்டு வீரர்களின் மனநலம் குறித்து நிபுணர்களை வைத்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, களத்தில் இருக்கும் முன்னணி வீரர்களில் சுமார் 34 சதவீதம் பேரிடம் பதற்றம் அல்லது மனச்சோர்வுக்கான அறிகுறிகள் காணப்பட்டன. ஓய்வு பெற்ற வீரர்களில் இது சுமார் 26 சதவீதம். அதாவது, களத்தில் நிற்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். 'அறிகுறி' என்பதும் 'நோய்' என்பதும் ஒன்றல்ல என்றாலும், இது சின்ன எண்ணிக்கை இல்லை.

சிலரின் அனுபவங்களைப் பார்த்தாலே நிலைமை புரியும்.

சிமோன் பைல்ஸ்: டோக்கியோவில் 2021 ஜூலை 27 அன்று அணிப் பிரிவு இறுதிப் போட்டி. வால்ட் பிரிவில் காற்றில் இரண்டரை சுழற்சி போட வேண்டியவர், ஒன்றரை சுழற்சியோடு தரையிறங்கினார். காற்றில் இருக்கும்போது உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்றே மூளைக்குத் தெரியாமல் போகும் 'ட்விஸ்டீஸ்' என்ற நிலை அது. தலைகீழாக விழுந்தால் கழுத்தே முறியலாம். விலகினார், விமர்சனங்களைச் சந்தித்தார். ஆகஸ்ட் 3 அன்று பீம் பிரிவில் மட்டும் திரும்பி வந்து வெண்கலம் வென்றார். மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி.

நவோமி ஒசாகா: 2021 பிரெஞ்சு ஓபனில் செய்தியாளர் சந்திப்பைத் தவிர்த்ததற்காக 15,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த நாளே தொடரிலிருந்து விலகினார். 2018 யு.எஸ். ஓபனில் பட்டம் வென்றதிலிருந்தே மனச்சோர்வால் அவதிப்படுவதாக அப்போதுதான் வெளியே சொன்னார்.

மைக்கேல் ஃபெல்ப்ஸ்: 28 ஒலிம்பிக் பதக்கங்கள், அதில் 23 தங்கம். ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்ததும் தன்னை மனச்சோர்வு பிடித்துக்கொண்டதாகச் சொன்னவர். வாழவே விருப்பமில்லாத நாட்களைக் கடந்து, 2014-இல் சிகிச்சை மையத்தில் சேர்ந்தார்.

இந்தியாவிலும் இதே கதைதான். 2014 இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் 5 டெஸ்ட்களில் 134 ரன் மட்டுமே எடுத்த விராட் கோலி, அந்தக் காலத்தில் மனச்சோர்வில் இருந்ததாகவும், சுற்றிலும் ஆள் இருந்தும் தனிமையாக உணர்ந்ததாகவும் 2021-இல் சொன்னார். 2008 பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ரா, அந்த வெற்றிக்குப் பிறகு தனக்குள் பெரிய வெறுமை வந்ததைப் பலமுறை பேசியிருக்கிறார்.

கவனித்தீர்களா? கோலிக்குத் தோல்வியில் வந்தது. பிந்த்ராவுக்கும் ஃபெல்ப்ஸுக்கும் வெற்றிக்குப் பின்னால் வந்தது. ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே உடைகிறது.

இதற்கு விளையாட்டு உளவியலில் ஒரு முக்கியமான கருத்து உண்டு. 'நான் யார்?' என்ற கேள்விக்கு ஒருவர் 'நான் ஒரு விளையாட்டு வீரர்' என்ற ஒரே பதிலை மட்டும் வைத்திருந்தால், காயமோ, தோல்வியோ, ஓய்வோ வரும்போது ஆளே காணாமல் போனது போல இருக்கும். ஒருவர் தன் அடையாளத்தை எந்த அளவுக்கு விளையாட்டோடு பிணைத்திருக்கிறார் என்பதை அளக்க 1993-லேயே ஒரு அளவுகோல் உருவாக்கப்பட்டது. சின்ன வயசிலேயே பள்ளி, நண்பர்கள், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மைதானமே கதி என்று வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வர வாய்ப்பு அதிகம்.

ஆர்ட் தெரபி எங்கே, எப்படி வந்தது?

'ஆர்ட் தெரபி' என்ற சொல்லை 1942-இல் முதலில் பயன்படுத்தியவர் ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். முதல் உலகப் போரில் போர்க்கள ஓவியராக இருந்தவர். 1938-இல் காசநோய் வந்து இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் ஊரில் உள்ள சானடோரியத்தில் சேர்ந்தார். காசநோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலம் அது. மாதக்கணக்கில் படுக்கைதான் சிகிச்சை. படுத்த இடத்திலேயே சுற்றியுள்ள பொருட்களை வரைய ஆரம்பித்தவர், தன் மனநிலை தேறுவதைக் கவனித்தார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும், போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்கும் வரையச் சொல்லிக் கொடுத்தார். 1945-இல் இது பற்றிப் புத்தகமும் எழுதினார்.

அதே 1940-களில் அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், மனநல சிகிச்சையில் ஓவியத்தை ஒரு மொழியாகப் பயன்படுத்தும் முறையை வளர்த்தார். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லும் என்பதுதான் அதன் அடிப்படை. 1964-இல் பிரிட்டனிலும், 1969-இல் அமெரிக்காவிலும் ஆர்ட் தெரபிஸ்ட்களுக்கான சங்கங்கள் உருவாயின. இன்று பிரிட்டனில் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். முதுநிலைப் படிப்பு முடித்து, முறையாகப் பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும்.

அப்போ டாம் டேலி செய்தது ஆர்ட் தெரபியா?

இல்லை. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

டேலி 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு நேரத்தில் பின்னக் கற்றுக்கொண்டார். பயிற்சி இல்லாத நேரத்திலும் சும்மா உட்காராமல் துறுதுறுவென்று இருந்தவருக்கு, உடம்புக்கு ஓய்வு கொடுக்க இதைச் செய்யலாம் என்று யோசனை சொன்னது அவருடைய கோச். டோக்கியோ பயணம் முழுக்க மனம் தடுமாறாமல் இருக்க உதவியதே இதுதான் என்று பிறகு இன்ஸ்டாகிராமில் டேலி சொன்னார். தங்கப் பதக்கத்தில் கீறல் விழக்கூடாது என்று ஒரு பக்கம் பிரிட்டன் கொடி, மறு பக்கம் ஜப்பான் கொடியோடு ஒரு சின்னப் பையையும் பின்னிக் காட்டினார்.

இது மனசுக்கு இதமான பொழுதுபோக்கு. தன் முயற்சியில், தனியாகச் செய்தது. ஆர்ட் தெரபியில் மூன்று பேர் இருக்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்: ஒருவர் நீங்கள், இன்னொருவர் தெரபிஸ்ட், மூன்றாவது ஆள் நீங்கள் செய்த படம் அல்லது பொம்மை. மூன்றுக்கும் இடையே நடக்கும் உரையாடல்தான் சிகிச்சை.

எளிதாகப் புரிந்துகொள்ள:

• கலரிங் புக், பின்னல், கோலம், களிமண் பொம்மை - வீட்டிலேயே செய்யலாம். மனம் இளைப்பாறும். யாருடைய அனுமதியும் வேண்டாம்.
• ஓவிய வகுப்பு - நோக்கம், நன்றாக வரையக் கற்றுக்கொள்வது.
• ஆர்ட் தெரபி - நோக்கம், மனதில் இருப்பதை வெளியே கொண்டுவந்து அதோடு வேலை செய்வது. பயிற்சி பெற்றவர் கூட இருப்பார். சிகிச்சைக்கு இலக்கு இருக்கும், ரகசியம் காக்கப்படும்.

பேசினால் போதாதா? ஏன் வரையணும்?

சிலருக்குப் பேச்சே போதும். சிமோன் பைல்ஸ் பாரிஸ் ஒலிம்பிக் அணி இறுதிப் போட்டி அன்று காலையிலும் தன் தெரபிஸ்ட்டிடம் பேசிவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். அது பேச்சு வழி சிகிச்சை.

ஆனால், பல வீரர்களுக்கு உட்கார்ந்து மனசைத் திறந்து பேசுவது கஷ்டம். காரணம் அவர்கள் வளர்ந்த விதம். "வலிக்குதுன்னு சொல்லாதே", "எதிராளி முன்னாடி முகத்துல காட்டாதே", "அழுதா வீக்குன்னு நினைப்பாங்க" என்று சின்ன வயசிலிருந்தே கேட்டுக் கேட்டு, உணர்ச்சியை அமுக்கி வைப்பதையே ஒரு திறமையாகப் பழகியிருப்பார்கள். போட்டியில் அது கைகொடுக்கும். தெரபிஸ்ட்டின் அறையில் அதுவே சுவராக நிற்கும். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்ற பதில் தானாக வந்து விழும்.

இன்னொரு பயமும் உண்டு. சொன்னால் அணியில் இடம் போய்விடுமோ, ஸ்பான்சர் விலகிவிடுவாரோ என்ற கவலை. அதனால் வார்த்தைகளை எடை போட்டே பேசுவார்கள். ஒரு தாளில் கோடு இழுக்கும்போது அந்த எச்சரிக்கை கொஞ்சம் தளரும்.

தவிர, விளையாட்டு வீரர்கள் உடம்பால் யோசிப்பவர்கள். பந்து வரும் வேகத்தை வார்த்தையில் விளக்கத் தெரியாது, ஆனால் கை சரியாகப் போய்ப் பிடிக்கும். களிமண்ணைப் பிசைவது, தாளைக் கிழித்து ஒட்டுவது, பெரிய சார்ட்டில் முழுக் கையையும் வீசி வரைவது எல்லாமே உடம்பு சம்பந்தப்பட்ட வேலை. பேச்சை விட இது அவர்களுக்குப் பழகிய பாதை.

ஒரு செஷன் எப்படி நடக்கும்?

இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாகப் பயன்படும் சில முறைகள் இவை.

உடல் வரைபடம்: உடம்பின் வெளிக்கோட்டை மட்டும் ஒரு தாளில் வரைந்து, எங்கே வலி, எங்கே இறுக்கம், எங்கே பலம் என்று கலரால் நிரப்பச் சொல்வது. உதாரணத்துக்கு, முழங்கால் ஆபரேஷன் முடிந்து திரும்பக் காத்திருக்கும் ஒரு கபடி வீராங்கனையை எடுத்துக்கொள்வோம். காலில் கலர் அடிப்பார் என்று எதிர்பார்த்தால், அவர் நெஞ்சுப் பகுதியை அழுத்தி அழுத்தி நிரப்பலாம். "காலை விட இங்க ஏன் அதிகம்?" என்று தெரபிஸ்ட் கேட்கும்போதுதான், மறுபடி அதே மாதிரி விழுந்துவிடுவோமோ என்ற பயம் வெளியே வரும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் தெரியாத காயம் அது.

களிமண்: கோபத்தை வெளியே கொட்ட நல்ல வழி. குத்தலாம், நசுக்கலாம், உடைக்கலாம், மறுபடி சேர்க்கலாம். தப்பு செய்தால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம் என்பதே ஒரு பாடம். மைதானத்தில் அந்த வசதி இல்லை.

கொலாஜ்: பழைய பத்திரிகைகளில் இருந்து படங்களை வெட்டி ஒட்டுவது. "எனக்கு வரையவே வராது" என்பவர்களுக்கு இதுதான் ஆரம்பம்.

முகமூடி: வெளிப்பக்கம் உலகம் பார்க்கும் முகம், உள்பக்கம் தனக்கு மட்டும் தெரிந்த முகம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். கருப்பு கலர் அடித்தால் சோகம், சிவப்பு அடித்தால் கோபம் என்று கைரேகை பார்ப்பது போலத் தெரபிஸ்ட் பலன் சொல்ல மாட்டார். "இது உங்களுக்கு என்ன சொல்லுது?" என்று கேட்பார். அர்த்தம் சொல்ல வேண்டியவர் வரைந்தவர்தான். ஒரு படத்தைப் பார்த்தவுடனே 'உங்களுக்கு இந்த நோய்' என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

அறிவியல் ஆதாரம் இருக்கா?

இருக்கிறது. ஆனால் அளவோடு புரிந்துகொள்ள வேண்டும்.

2016-இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் தலைமையிலான குழு 39 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தது. மார்க்கர் பேனா, களிமண், கொலாஜ் பொருட்களைக் கொடுத்து 45 நிமிடம் விருப்பம் போல எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் 'கார்டிசால்' அளவைப் பரிசோதித்தார்கள். மன அழுத்தத்தின்போது உடம்பில் கூடும் ஹார்மோன் இது. சுமார் 75 சதவீதம் பேருக்கு அளவு குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவரா, புதியவரா என்பதால் வித்தியாசம் வரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

2005-இல் வந்த இன்னொரு ஆய்வில், 84 கல்லூரி மாணவர்களை முதலில் பதற்றப்பட வைத்துவிட்டு மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வட்ட வடிவ மண்டலா டிசைன், இன்னொரு குழுவுக்குக் கட்டம் போட்ட டிசைன், மூன்றாவது குழுவுக்கு வெறும் வெள்ளைத்தாள். டிசைனுக்குக் கலர் அடித்தவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெள்ளைத்தாள் கிடைத்தவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. ஒரு ஒழுங்குக்குள், திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் மனம் ஒன்றிப் போவது காரணமாக இருக்கலாம். புள்ளி வைத்து, சிக்குக் கோலம் போட்டு முடிப்பவர்களுக்கு அந்த உணர்வு தெரிந்திருக்கும்.

2019-இல் உலக சுகாதார அமைப்பு, கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஒரு அறிக்கை வெளியிட்டது. நோய் வராமல் தடுப்பதிலும், சிகிச்சையிலும் கலைக்குப் பங்கு இருக்கிறது என்றது அந்த அறிக்கை.

சரி, இதில் கவனிக்க வேண்டியது என்ன? ட்ரெக்சல் ஆய்வு சிறியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. கால்வாசிப் பேருக்கு அளவு குறையவும் இல்லை. விளையாட்டு வீரர்களை மட்டும் வைத்து நடந்த பெரிய ஆய்வுகளும் குறைவு. ஆக, 'உதவும் என்பதற்கு நல்ல அறிகுறிகள் இருக்கின்றன' என்று சொல்லலாம். 'வரைந்தால் பதக்கம் நிச்சயம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பத் தேவையில்லை.

தலையில் அடிபட்டவர்களுக்கு...

விளையாட்டுக்கு மிக நெருக்கமான அனுபவம் ராணுவத்தில் இருந்து வருகிறது. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவ வளாகத்தில், போரில் தலையில் அடிபட்டு, கூடவே மன அதிர்ச்சியும் உள்ள வீரர்களுக்கு மெலிசா வாக்கர் என்ற ஆர்ட் தெரபிஸ்ட் முகமூடி செய்யும் பயிற்சியை நடத்தினார். வெற்று முகமூடியைக் கொடுத்து, உங்கள் மனசில் இருப்பதை இதில் கொண்டு வாருங்கள் என்பதுதான் வேலை. வாய் தைக்கப்பட்ட முகம், இரண்டாகப் பிளந்த முகம், கொடி பாதி மறைத்த முகம் என்று வந்தன. 2015-இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. பிறகு இப்படிச் செய்யப்பட்ட 370 முகமூடிகளை ஆராய்ச்சியாளர்கள் தனியாக ஆய்வும் செய்தனர்.

குத்துச்சண்டை, ரக்பி, அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களுக்கும் தலையில் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. அடிபட்டதைப் பற்றிப் பேசத் தயங்கும் கலாசாரமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதனால்தான் ராணுவ அனுபவம் விளையாட்டுக்கும் பாடமாகிறது.

ஸ்கோர் இல்லாத ஒரு இடம்

ஒரு விளையாட்டு வீரரின் நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் எடை பார்ப்பார்கள். ஓடினால் ஸ்டாப் வாட்ச். தூக்கினால் கிலோ. தூங்கினால்கூடக் கையில் கட்டிய வாட்ச் மார்க் போடும். போட்டி என்றால் ரேங்க், புள்ளி, சதவீதம். முடிந்ததும் சோஷியல் மீடியாவில் கமெண்ட். எல்லாவற்றுக்கும் ஒரு எண் இருக்கிறது, அந்த எண்ணை வைத்துத்தான் அவருடைய மதிப்பு.

ஒரு தாளில் க்ரேயானால் கிறுக்கியதற்கு யாரும் மார்க் போடுவதில்லை. மோசமாக இருந்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. ஜெயிப்பதற்கு எதிராளியும் இல்லை. பல வீரர்களுக்குச் சின்ன வயசுக்குப் பிறகு முதல்முறையாக, மோசமாகச் செய்ய அனுமதி கிடைக்கும் இடம் அதுதான்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் முதலிடம் வந்தே பழகியவர்கள், ஆர்ட் தெரபியிலும் 'நல்லா வரைஞ்சிருக்கேனா?' என்று கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவர் தாளை எட்டிப் பார்ப்பார்கள். ரப்பர் வைத்து அழித்து அழித்தே நேரம் போகும். நல்ல தெரபிஸ்ட் அதையே பேச்சுக்கு எடுத்துக்கொள்வார். சரியாக வராத ஒரு கோட்டைச் சகித்துக்கொள்ள முடியாதது ஏன் என்ற கேள்வி, நேராக மைதானத்துக்கே கூட்டிப் போகும்.

அடையாளத்துக்கும் இதில் பங்கு உண்டு. எர்னி பார்ன்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் வீரர் 1960-களில் அணி மீட்டிங் நடக்கும்போதே படம் வரைந்துகொண்டிருப்பார். பிடிபட்டால் கோச் அபராதம் போடுவார். பின்னாளில் ஆட்டத்தை விட்டு முழுநேர ஓவியரானார். அவருடைய 'தி சுகர் ஷாக்' ஓவியம் 2022-இல் ஏலத்தில் 1.5 கோடி டாலருக்கும் மேல் விலைபோனது. எல்லாரும் பெரிய ஓவியர் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால், ஆட்டம் முடிந்த பிறகும் 'நான்' என்று சொல்ல ஏதாவது ஒன்று மிச்சம் இருந்தது அவருக்கு. அன்று அபராதம் வாங்கித் தந்த பழக்கத்தை, டேலியின் கோச் தானே சொல்லிக் கொடுக்கும் அளவுக்குக் காலம் மாறியிருக்கிறது.

எப்போது இது போதாது?

ஆர்ட் தெரபி உதவும் இடங்கள்: காயத்துக்குப் பிந்தைய பயம், போட்டிக்கு முந்தைய பதற்றம், ஓய்வுக்குப் பிந்தைய வெறுமை, இழப்பு, சொல்ல முடியாத கோபம்.

இது மட்டும் போதாத இடங்கள்: தீவிர மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், சாப்பாட்டைத் தவிர்ப்பது அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற உணவுக் கோளாறு, போதைப் பழக்கம், இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள். இவற்றுக்கு மனநல மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும். மருந்து தேவைப்படலாம். ஆர்ட் தெரபி அதோடு சேர்ந்து நடக்கலாம். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வரைய உட்காரக்கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம். கோச்சின் கொடுமை, பாலியல் அத்துமீறல், சம்பளம் தராமல் இழுத்தடிப்பது, ஓய்வே இல்லாத போட்டி அட்டவணை போன்றவை வீரரின் மனசுக்குள் இருக்கும் பிரச்சினைகள் அல்ல. அமைப்பில் இருக்கும் பிரச்சினைகள். அங்கே வீரருக்குக் கலர் பென்சில் கொடுத்து அமைதிப்படுத்துவது தீர்வாகாது. புகார் கேட்கவும், நடவடிக்கை எடுக்கவும் ஆள் வேண்டும்.

யாரிடம் போவது? என்ன கேட்பது?

முதல் படி, மனநல மருத்துவர் அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழகத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் ஆலோசனை பெறலாம்.

ஆர்ட் தெரபிஸ்ட் என்று ஒருவரைப் பார்க்கப் போனால், தயங்காமல் இதைக் கேளுங்கள்:

• எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள்? வார இறுதி ஆன்லைன் சான்றிதழா, முறையான படிப்பா?
• யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள்?
• நான் வரைந்த படங்களை யார் வைத்திருப்பார்கள்? வேறு யாருக்காவது காட்டுவீர்களா?
• நான் சொல்வது கோச்சுக்கோ, அணி நிர்வாகத்துக்கோ போகுமா?
• நிலைமை மோசமானால் எந்த டாக்டரிடம் அனுப்புவீர்கள்?

கடைசி இரண்டு கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

கோச், பெற்றோர் கவனத்துக்கு

மாவட்ட அளவில் ஓடும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதே அழுத்தம் உண்டு. பேட்டி எடுக்க ஆள் வராது என்பதுதான் வித்தியாசம். வீட்டில் செய்யக்கூடியவை:

• விளையாட்டு தவிர இன்னொரு விருப்பம் இருக்க இடம் கொடுங்கள். வரையட்டும், பறை கற்கட்டும், பொம்மை செய்யட்டும். 'பிராக்டீஸ் கெடுது' என்று பிடுங்காதீர்கள்.
• அதையும் போட்டியாக்காதீர்கள். வரைந்ததை உடனே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும், ஓவியப் போட்டிக்கு அனுப்புவதும் அதே ஸ்கோர் போர்டைத் திரும்பக் கொண்டுவரும்.
• "என்ன இது, கால் கோணலா இருக்கு?" என்று திருத்த வேண்டாம். "இதைப் பத்தி சொல்லேன்" என்று மட்டும் கேளுங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.
• காயம்பட்டு உட்கார்ந்திருக்கும் வாரங்களில் கூடுதலாகக் கவனியுங்கள். அணியை விட்டுத் தள்ளி இருக்கும் நேரம்தான் ரொம்பத் தனிமையானது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் அல்லது பசி மாறுவது, பிடித்த விளையாட்டின் மீதே வெறுப்பு, நண்பர்களைத் தவிர்ப்பது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், சின்னக் காயத்தையும் பெரிதாகச் சொல்லிப் பயிற்சியைத் தவிர்ப்பது, 'நான் இல்லாமல் போனால் நல்லது' என்பது போன்ற பேச்சு. கடைசியாகச் சொன்னது ஒருமுறை காதில் விழுந்தாலே போதும். காத்திருக்க வேண்டாம், அந்தப் பிள்ளையைத் தனியாக விடவும் வேண்டாம். அன்றே உதவி தேடுங்கள்.

உதவி எண்கள்

மன அழுத்தமோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. சென்னை சினேகா தற்கொலை தடுப்பு மையம்: 044-24640050.